சாத்தூர் எண்ணும் மேலூர் எண்ணும்

ஜனவரி 6, செவ்வாய்

கம்பெனி டைரி இன்றுதான் கைக்கு வந்தது. ஐந்து நாள் தாமதம். பரவாயில்லை, முதல் ஐந்து நாளும் எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை.

இன்று நடந்தது. எங்கள் பார்சல் சர்வீஸ் கிளவுட் கம்பெனியை மாற்றுகிறது. தூத்துக்குடி அலுவலகத்தின் கம்ப்யூட்டர்கள் ஞாயிறுதோறும் தங்களை முழுசாக நகலெடுத்து, எங்கோ தூரத்தில் இருக்கும் கிடங்குக்கு இணையம் வழியாக அனுப்பிவைக்கும். அந்த நகலுக்கு இமேஜ் என்று பெயர். முதலாளி செல்லத்துரை அண்ணாச்சி முதலில் அதை போட்டோ என்றுதான் நினைத்தார். போட்டோ இல்லை. அந்த ஞாயிறு அந்தப் பெட்டிக்குள் என்னென்ன இருந்ததோ அத்தனையும், குப்பைத்தொட்டியில் போட்டது உட்பட, அப்படியே இருக்கும். இங்கே பெட்டி எரிந்தாலும் மூழ்கினாலும் வேறொரு பெட்டியில் அதை இறக்கி எழுப்பிவிடலாம்.

மூழ்கத்தான் செய்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில் எங்கள் அலுவலகத்தில் நெஞ்சளவு தண்ணீர். மூன்றாம் நாள் மதுரைக் கிளையில் உட்கார்ந்து புக்கிங் சர்வரை எழுப்பிக் கொடுத்தேன். அண்ணாச்சி எனக்குச் சால்வை போட்டார். இன்னாசி இல்லையென்றால் கம்பெனி இல்லை என்று மைக்கில் சொன்னார். அந்தச் சால்வை பீரோவில் இருக்கிறது.

மைக்கில் சொல்லாத ஒன்று உண்டு. அன்று போன் சர்வரும் மூழ்கியது. புதிய போன் வசதி வாங்கிவிட்டதால் அதை எழுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் வண்டவாளம் தெரிந்திருக்கும். ஒவ்வொரு இமேஜுக்கும் தனியாக ஒரு கடவுச்சொல் உண்டு. அது இல்லாமல் கிளவுட் கம்பெனிக்காரனே திறக்க முடியாது. மற்ற சர்வர்களின் கடவுச்சொற்கள் சீல் வைத்த கவரில் அண்ணாச்சியின் பீரோவில் இருக்கின்றன. போன் சர்வர்தான் நான் முதல் முதலில் சோதனைக்குப் போட்டது. அதன் கடவுச்சொல்லை ஒரு பைலில் எழுதி, அந்த போன் சர்வரிலேயே பத்திரமாக வைத்தேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ் எனக்கு.

பழைய கிளவுட் கணக்கு ஜனவரி 31 மாலை ஆறு மணிக்கு மூடுகிறது. மற்றதெல்லாம் புதிய இடத்துக்குப் போய்விட்டது. இது மட்டும் போகாது. திறக்காமல் அள்ளி வந்தால் வெறும் துண்டு துணுக்குதான்.

யாருக்கும் வேண்டாத இமேஜ். எனக்கு வேண்டும். அதில் மெட்டில்டாவின் குரல் இருக்கிறது.

ஜனவரி 7, புதன்

காஸ் சிலிண்டர் வந்தது. வேறொன்றும் இல்லை.

ஜனவரி 9, வெள்ளி

செவ்வாயன்று அவள் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறேன். மெட்டில்டா என் மனைவி. பத்தொன்பது வருஷம் எங்கள் கம்பெனியின் போன் போர்டில் இருந்தவள். திருச்சி வரைக்கும் உள்ள கிளைகளில் யார் யாரைக் கேட்டாலும், இணைப்பு அவள் கை வழியாகத்தான் போகும். அவள் ஆள் இல்லாத நேரத்துக்கு நாற்பத்திரண்டு வாக்கியங்கள் பேசிப் பதிவு செய்து வைத்தோம். 'வணக்கம், தங்கள் பார்சல் பற்றி அறிய எண் ஒன்றை அழுத்தவும்.' இப்படி.

பதினான்கு மாதத்துக்கு முன் அவளுக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை முழுதாக எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துவாரம். மூச்சு அது வழியாக. அதன்மேல் மெல்லிய துணி கட்டியிருப்பாள். உயிர் பிழைத்தாள், ஆண்டவருக்கு நன்றி. இதற்குமேல் கேட்பது பேராசை என்று எனக்கே தெரியும்.

தையல் பிரித்தபின் பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்தார்கள். டார்ச் லைட் அளவு இருக்கும். அதைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயசைத்தால் சத்தம் வரும். அவளுக்கு அது ஒத்துவரவில்லை. முதல் நாளே உள்ளே வைத்துவிட்டாள். நோட்டில் எழுதிக் காட்டுகிறாள், கை தட்டிக் கூப்பிடுகிறாள். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு சாப்பாடு. மூன்று தட்டினால் நான் என்னவோ தப்பு செய்திருக்கிறேன்.

வீட்டில் அவள் குரல் வேறு எங்கும் இல்லை. கல்யாண வீடியோவில் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டு. என் பழைய போன் வெள்ளத்தோடு போனது. மகள் ஷெரினின் பிறந்தநாள் வீடியோ ஒன்று இருக்கிறது. அதில் தெருவே பாடுகிறது, இவள் கை மட்டும் தட்டுகிறாள்.

ஜனவரி 12, திங்கள்

கடவுச்சொல்லை எப்படி அமைத்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. லாரி போகும் வரிசையில் எட்டு ஊர்கள்: எட்டயபுரம், கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், திருமங்கலம், மதுரை, மேலூர், திருச்சி. ஊர்ப்பெயரின் முதல் மூன்று எழுத்து, உடனே அந்தக் கிளையின் இரண்டு இலக்க இன்டர்காம் எண். நல்ல யோசனைதான். வெள்ளத்துக்குப்பின் எண்களெல்லாம் மாறிவிட்டன. பழைய எண்கள் எழுதிய பதிவேடு தண்ணீரில் கூழாகிவிட்டது.

இன்று ஒவ்வொரு கிளையாகக் கூப்பிட்டேன். கோவில்பட்டி மேனேஜர் பிச்சைக்கண்ணுவுக்கு அவர் எண் நினைவிருந்தது.

"பதினாறு அண்ணாச்சி. எதுக்குக் கேக்கீங்க?"

"ஒரு பழைய பைலுக்கு."

"மத்த நம்பரெல்லாம் வேணும்னா மெட்டில்டாக்காட்ட கேளுங்களேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்களே."

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

ஆறு எண்கள் கிடைத்தன. சாத்தூரும் மேலூரும் இல்லை. இரண்டு கிளையும் மூடியாயிற்று. சாத்தூர் மேனேஜர் இறந்துவிட்டார். மேலூர்க்காரர் சிங்கப்பூரில் மகளோடு இருக்கிறார், போன் எடுப்பதில்லை.

இரண்டு எண்கள் தெரியாது என்றால் பத்தாயிரம் விதமாக அடித்துப் பார்க்க வேண்டும். ஐந்து முறை தப்பாக அடித்தால் அன்றைக்குக் கதவைச் சாத்திவிடும். நாளுக்கு ஐந்து வீதம் பார்த்தால் ஐந்தரை வருஷம். எனக்கு இருப்பது பதினெட்டு நாள்.

மெட்டில்டாவிடம் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவளைப் பழைய வேலை நினைப்பில் வருத்தக் கூடாது. டாக்டரும் அவள் மனசு அமைதியாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் விடுமுறை. காலையில் பொங்கல் வைத்தாள். பால் பொங்கும்போது எல்லா வீட்டிலும் குலவை கேட்டது. எங்கள் வீட்டில் நான் தனியாகச் சத்தம் கொடுத்தேன். என் குரலுக்குப் பக்கத்து வீட்டுக் கோழி ஓடியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பைப் பார்ப்பது எனக்குப் பழகவே இல்லை.

நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தது மதுரைக் கிளையில். எட்டு மாதம் அவளைப் பார்க்காமலே பேசினேன். தூத்துக்குடியைக் கேட்டால் "இருங்க மதுரை, லைன்ல ஆள் இருக்கு" என்பாள். 'மதுரை' என்பது நான்தான். அந்த 'இருங்க'வில் கடைசியில் கொஞ்சம் இழுப்பாள். அதைக் கேட்பதற்காகவே வேலை இல்லாமலும் கூப்பிடுவேன். அவளுக்கும் தெரியும். ஒருநாள், "மதுரைக்கு இன்னைக்கு எட்டாவது காலு, பார்சல் ஒண்ணும் வரலியே" என்றாள். அந்த வாரமே இடமாறுதல் கேட்டு எழுதிப் போட்டேன்.

அந்தக் குரலைத் திரும்ப ஒரு தடவை கேட்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

ஜனவரி 17, சனி

சாத்தூர் 31, மேலூர் 45. இல்லை. 31, 46. இல்லை. 31, 47. இல்லை. 33, 45. இல்லை. 33, 54. இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

ஊர்கள், எண்கள், இரண்டு கேள்விக்குறிகள் எழுதிய தாளைச் சாப்பாட்டு மேஜையில் மறந்து வைத்துவிட்டேன். குளித்துவிட்டு வரும்போது மெட்டில்டா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தாளை இருந்த இடத்தில் வைத்துவிட்டு இட்லி எடுத்து வைத்தாள்.

சாப்பிட்டு முடிக்கும்போது நோட்டை என் பக்கம் தள்ளினாள். 'சாத்தூருக்கு என்ன பார்சல்?' என்று எழுதியிருந்தாள்.

"ஆபீஸ்ல ஏதோ பழைய கணக்கு" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். பிறகு நோட்டை மூடினாள். மூன்று தட்டு வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

பெங்களூரிலிருந்து ஷெரின் பேசினாள். இமேஜ் விஷயத்தை அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். கிடைத்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். வேறு எதையோ பேசிவிட்டு வைக்கும்போது சொன்னாள்:

"அப்பா, அம்மா மெஷினுக்குச் சார்ஜ் போடச் சொல்லுங்க. நேத்துப் பேசும்போது பாதியில நின்னுட்டு."

"எந்த மெஷின்?"

"அப்பா... அம்மா எங்கிட்ட தினமும் அதுலதானே பேசுதாங்க. உங்ககிட்ட பேசலியா?"

நான் அலுவலகத்தில் இருக்கும்போது தினமும் பதினோரு மணிக்காம். ஒரு வருஷத்துக்கு மேலாக.

ஜனவரி 24, சனி

பத்தரைக்கு ஒரு பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் மீன்காரி சந்தனமாரியின் கூடை இருந்தது. கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே முற்றத்தில் பேச்சுச் சத்தம்.

ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் மிக்ஸி ஓடுவது போல ஒரே மட்டமாக ஒரு சத்தம். அதற்குள் வார்த்தைகள் இருந்தன.

"நேத்துள்ள சாளைய ஐஸ்ல போட்டு இன்னைக்குக் கொண்டாந்திருக்க. செவுளப் பாரு."

"ஆத்தாடி, குரலை எடுத்தாலும் உங்களுக்கு வாய் கொறையலக்கா!"

"உனக்குப் பயந்து ஏன் கொறைக்கணும்?"

சந்தனமாரி விழுந்து விழுந்து சிரித்தாள். கருவியை எடுத்துவிட்டு மெட்டில்டாவும் சிரித்திருப்பாள். எனக்குத் தெரியவில்லை. நான் வெளியே செருப்போடு நின்றேன். முக்குக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு அலுவலகத்துக்கே திரும்பிப் போனேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஐம்பத்து நாலு வயதில் மீன்காரிமேல் பொறாமை.

மதியம் சாப்பிட வந்தேன். இரண்டு தட்டு தட்டிக் கூப்பிட்டாள். சாளைக் குழம்பு. நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பூசைக்குப் போனோம். வந்தோம்.

ஜனவரி 28, புதன்

அண்ணாச்சியிடம் பழைய கணக்கை இன்னும் ஒரு மாதம் வைத்திருக்கலாமா என்று கேட்டேன்.

"எல்லாம் மாத்தியாச்சுன்னு நீருதானே சொன்னீரு?"

"போன் சர்வர் ஒண்ணு பாக்கி."

"அந்தச் செத்த போன்ல என்னவே இருக்கு?"

ஒன்றுமில்லை என்று சொன்னேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் ஒரு வருஷம்கூட நீட்டியிருப்பார்; மெட்டில்டாமேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் அவர் அதோடு விடமாட்டார். தங்கச்சிக்குத் தெரியுமா, தங்கச்சி என்ன சொல்லுது என்று கேட்பார். அவளிடம் நான் இன்னும் சொல்லவே இல்லை.

இன்றைய ஐந்தும் போயிற்று.

ஜனவரி 30, வெள்ளி

கேட்டுவிட்டேன்.

காலையில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இமேஜ், கடவுச்சொல், சாத்தூர், மேலூர், நாளை ஆறு மணி. கடைசியில், "உன் குரலைக் கேக்கணும் போல இருக்கு" என்றேன். சொல்லும்போதே அது தப்பாகப் போவது எனக்குத் தெரிந்தது. வார்த்தை வெளியே வந்துவிட்டது.

கீரையைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள்.

'ரெண்டு நம்பரும் எனக்குத் தெரியும்.'

"எழுதிக் கொடு."

'எழுதித் தரமாட்டேன்.'

அதன்பின் பகல் முழுவதும் நோட்டைத் தொடவில்லை. கை தட்டவும் இல்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவளிடம் இத்தனை நாள் கேட்காததற்கு டாக்டர் சொன்னதாக ஒரு காரணம் மேலே எழுதியிருக்கிறேன். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 31, சனி, மாலை ஏழு மணி

காலையிலேயே ஆத்திரத்தில் நான்கு தடவை குருட்டாம்போக்கில் அடித்துப் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம். அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, முன்னறையில் லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பத்தரை மணிக்கு மெட்டில்டா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கையில் கருவி இருந்தது. நான் சட்டென்று திரையைப் பார்த்தேன். அவள் மேஜையில் ஓங்கி மூன்று தடவை தட்டினாள்.

"இங்க பாருங்க."

பார்த்தேன். கருவியைத் தாடைக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தாள். அந்த இடத்தில் தோல் கொஞ்சம் காய்த்துப் போயிருந்தது. ஒரு வருஷம் பேசிய காய்ப்பு.

"வாயப் பாத்துக் கேட்டாத்தான் புரியும். எழுதுங்க. எட்டயபுரம், பன்னெண்டு."

"அது எனக்குத் தெரியும். சாத்தூர் மட்டும்..."

"தெரிஞ்சாலும் எழுதுங்க. வரிசையாச் சொன்னாத்தான் எனக்கு வரும்."

எழுதினேன். கோவில்பட்டி பதினாறு. அடுத்து சாத்தூர் என்றாள். எண் எனக்குப் பிடிபடவில்லை. ஒரே இரைச்சலாக இருந்தது. மிச்சமிருப்பது ஒரு வாய்ப்பு. முன்பென்றால் புரிந்ததுபோல் தலையாட்டியிருப்பேன்.

"திரும்பச் சொல்லு" என்றேன்.

சொன்னாள். அப்போதும் பிடிபடவில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாக உதட்டை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நாற்பத்தேழு. கேட்டுவிட்டேன். என்னவோ பரீட்சையில் பாஸானது போல இருந்தது. நான் சொன்னதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனாள். மேலூரை இரண்டாவது தடவையிலேயே பிடித்தேன். எழுபத்தொன்று. திருச்சி சொல்லி முடித்தபோது பழைய போர்டில் கடைசி இணைப்பைப் போட்டவள் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

அடித்தேன். திறந்தது.

முழுவதும் இறங்க நான்கு மணி நேரம் ஆயிற்று. மூன்று மணிக்கு போன் சர்வர் என் லேப்டாப்பில் எழுந்தது. வெள்ளத்துக்கு முந்தைய ஞாயிறு. நாற்பத்திரண்டு பைல்களும் இருந்தன. முதலாவதைத் தட்டினேன்.

'வணக்கம். தங்கள் பார்சல் பற்றி அறிய எண் ஒன்றை அழுத்தவும்.'

நான் அழுதேன். அடக்கவே முடியவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டேன். 'சற்றுக் காத்திருக்கவும்.' 'எட்டயபுரம் கிளைக்கு எண் மூன்றை அழுத்தவும்.' அதே குரல், அதே இழுப்பு. மெட்டில்டா தலையைச் சாய்த்து, புதிதாக வேலைக்கு வந்த பெண்ணைச் சோதித்துப் பார்ப்பவள் மாதிரி கேட்டாள். நாற்பத்திரண்டும் முடிந்தது. முதலிலிருந்து போடக் கை போனது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் கருவியை எடுத்தாள்.

"நல்லாத்தான் பேசுதா. ஆனா இவளுக்கு இந்த நாப்பத்திரெண்டுதானே தெரியும்? என்ன கேட்டாலும் ஒண்ண அழுத்து, ரெண்ட அழுத்துன்னு சொல்லுவா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட கேளுங்க" என்றாள்.

என்ன கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் மனசில் இருந்ததைக் கேட்டேன். "ஷெரின்ட்ட பேசுத. மீன்காரிட்ட பேசுத. எங்கிட்ட ஏன் பேசல?"

"ஆஸ்பத்திரில மொதமொதல்ல இத வச்சு என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா? ஒரு நாளும் சொல்லாத உங்க பேரச் சொன்னேன். நீங்க மொகத்தத் திருப்பிட்டீங்க."

கருவி அவளுக்கு ஒத்துவரவில்லை என்று ஒன்பதாம் தேதி எழுதியிருக்கிறேன். அது பொய். 'இன்னாசி' என்று அந்தச் சத்தம் வந்ததும் நான் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன். நர்ஸ் பார்த்தாள். மெட்டில்டா கருவியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். இதுதான் நடந்தது.

"பயந்துட்டேன்" என்றேன்.

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. நான் எங்க திரும்ப?"

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று சொல்லும்போதே தெரிந்தது. லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இன்னும் சொல்லு என்றேன். பதினான்கு மாதத்துக் கதை இருந்தது அவளிடம். சொல்லிக்கொண்டே இருந்தாள். புரியாத இடங்களில் திரும்பச் சொல்லச் சொன்னேன்.